மாற்றுத்துணிக்கு ஒரு சட்டம்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 234 பேரும் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். பாலியல் வல்லுறவுக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காக ஒரு சட்டம் கேட்டு எழுதுகிறேன், நாலு பேர் படித்தால் போதும். அந்த நாலில் இரண்டு பேர் ஆளுங்கட்சி வரிசையிலும் இரண்டு பேர் எதிர்வரிசையிலும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

நான் அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். பெரும்பகுதி தாலுகா மருத்துவமனைகளில், கேஷுவாலிட்டியிலும் பிரசவ வார்டிலும். 2022-ல் ஓய்வு பெற்றேன். பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். என் பெயர் தெரிந்தால் மருத்துவமனை தெரியும், மருத்துவமனை தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் நான் சொல்லப் போகிற பெண் யாரென்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். அவளைப் பற்றிய விவரங்களில் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். நைட்டியை மட்டும் மாற்றவில்லை.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அவளுடைய சித்தியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். "இது போலீஸ் கேஸும்மா, ஜி.ஹெச்.சுக்குப் போயிடுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்களிடம் அன்று டூட்டி டாக்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பெண். நல்ல பிள்ளை, கை நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு, காவல் நிலையத்துக்கு மெமோ, ஒப்புதல் கையெழுத்து, பஞ்சுக் குச்சியில் எடுக்கிற ஸ்வாப், ரத்தம், நகத்துண்டு. அப்புறம் உடை. போட்டிருந்த சுடிதார், உள்ளாடை எல்லாமே தடயம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். வைத்தோம்.

சரி, இப்போது அவள் எதைப் போட்டுக்கொள்வாள்?

அந்தக் கேள்வி உறைகளுக்கு சீல் வைத்து முடித்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. தியேட்டர் கவுன் ஒன்று கிடந்தது. முதுகுப் பக்கம் கட்டுகிற இரண்டு நாடாவில் ஒன்று அறுந்திருந்தது. அதற்கு மேல் ஒரு பெட்ஷீட்டைச் சுற்றிவிட்டோம். தனி அறை கிடையாது என்பதால் பிரசவ வார்டிலேயே கடைசிக் கட்டிலைக் கொடுத்தோம். பக்கத்துக் கட்டிலில் அன்று பகல் பிறந்த குழந்தை. விடியற்காலையில் குழந்தையைப் பார்க்க வந்த பெண்கள் இவளிடமும், "உனக்கு என்ன குழந்தைம்மா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. பிரசவ வார்டில் படுத்திருப்பவளிடம் வேறு என்ன கேட்பார்கள்? அவள் பெட்ஷீட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

காலை ஏழு மணிக்கு எங்கள் ஆயா பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையின் ஷட்டரைத் தட்டித் திறக்க வைத்து ஒரு நைட்டி வாங்கி வந்தார். மெரூன் நிறம், வெள்ளைப் பூ. 180 ரூபாய். டாக்டர், நான், ஆயா மூவரும் ஆளுக்கு அறுபது போட்டோம்.

அதற்குப் பிறகு எங்கே மாற்றலாகிப் போனாலும் வார்டு பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு நைட்டி, ஒரு உள்பாவாடை, ஒரு துண்டு வாங்கி வைத்திருப்பேன். ஓய்வு பெற்ற அன்று சாவியை அடுத்த சிஸ்டரிடம் கொடுத்தபோது இதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் நல்லவர், நிச்சயம் வாங்கி வைத்திருப்பார். ஆனால் அந்த நைட்டி அந்த பீரோவில் இருப்பதற்கு அவருடைய நல்ல மனதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நான் எழுதுவது அதைப் பற்றித்தான்.

2025 ஜனவரியில் உங்கள் அவை குற்றவியல் சட்டங்களைத் தமிழ்நாட்டுக்கென்று திருத்தி மசோதா நிறைவேற்றியது. சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த கொடுமை அதற்கு இரண்டரை வாரம் முன்னால்தான் வெளியே வந்திருந்தது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக உயர வேண்டும் என்றது மசோதா. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கான தண்டனையையும் கூட்டியது. நானும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்டனை கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். 33 ஆண்டு அந்த வார்டில் நின்றவளுக்கு அந்தக் கோபம் இல்லாமல் இருக்குமா?

ஆனால் நம் மாநிலங்களுக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. ஹைதராபாத்தில் ஒரு பெண் கால்நடை மருத்துவரை வல்லுறவு செய்து கொன்ற சம்பவத்துக்குப் பிறகு 2019 டிசம்பரில் ஆந்திரம் திஷா மசோதாவை நிறைவேற்றியது. மகாராஷ்டிரம் சக்தி மசோதாவைக் கொண்டுவந்தது. கொல்கத்தா மருத்துவரின் கொலைக்குப் பிறகு 2024 செப்டம்பரில் மேற்கு வங்கம் அபராஜிதா மசோதாவை நிறைவேற்றியது. எல்லாவற்றிலும் தூக்கு உண்டு, இத்தனை நாளில் விசாரணை என்ற கெடு உண்டு. குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் ஒரு வரி எழுதினாலும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்த மூன்று மசோதாக்களும் டெல்லிக்குப் போயின, ஒன்றுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

தூக்கு என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையை எந்த ஆண்டுக்கு எடுத்தாலும், வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். குடும்பத்து ஆள், பக்கத்து வீடு, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமாவைத் தூக்குல போட்டுடுவாங்களா சிஸ்டர்? அப்போ அத்தை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் அவளும் அவளுடைய அம்மாவும் யாரிடமும் சொல்லாமல் வார்டிலிருந்து போய்விட்டார்கள். கேஸ் ஷீட்டில் 'சொல்லாமல் சென்றுவிட்டார்' என்று எழுதி மூடினோம்.

குற்றவாளிக்கு எத்தனை ஆண்டு என்பதை முடிவு செய்ய நீங்கள் டெல்லியைக் கேட்க வேண்டும். ஆனால் மருத்துவமனையும் காவல் நிலையமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அந்த இரண்டு கட்டடங்களுக்குள்ளும் ஒரு பெண்ணை எப்படி நடத்துவது, அவளுக்கு என்னென்ன கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் யார் பொறுப்பு என்பதை எழுத நீங்கள் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. கையில் இருப்பதை விட்டுவிட்டு எட்டாததை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அவளுக்கு வயது 19. ஒரு வருடமும் சில மாதங்களும் முன்னால் இது நடந்திருந்தால் அவள் சட்டத்தின் கண்ணில் குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் வந்திருக்கும். 2020-ல் வந்த போக்சோ விதிகளை ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். அதில் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உடனடித் தேவைகளான உணவு, உடை, போக்குவரத்து ஆகியவற்றுக்கு நிவாரணம் வழங்கக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று இருக்கிறது. உடை! யாரோ ஒருவர், எங்கோ ஒரு அலுவலகத்தில், அந்த நைட்டியை நினைத்திருக்கிறார். அதே விதிகளில் 'ஆதரவு நபர்' என்று ஒருவரும் உண்டு. விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை குழந்தையோடு கூடவே இருந்து, என்ன நடக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்பவர். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது என்று போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது.

பதினெட்டு முடிந்த மறுநாள் இது எதுவும் இல்லை.

அவள் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, செய்தவன் அந்த இரண்டிலும் சேராதவனாக இருந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்திருக்கும். அந்தச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக் காலத்துப் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு, தேவைப்பட்டால் வேறு ஊரில் குடியமர்த்துவது எல்லாவற்றையும் வழங்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் படும் பாடு தனிக்கதை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு காகிதமாவது இருக்கிறது. இவள் அதிலும் இல்லை. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில், தியேட்டர் கவுனோடு நின்றாள்.

சரி, மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் எல்லாமே 'லாம்'. பாதுகாப்பு தரலாம், இடைக்கால நிவாரணம் தரலாம், சாட்சிப் படி தரலாம். நீதிபதி நல்லவராக அமைந்தால் கிடைக்கும், காவல் நிலையத்தில் எழுதுகிற ரைட்டர் நல்லவராக அமைந்தால் கிடைக்கும். 'வேண்டும்' என்று எழுதியிருக்கிற இடங்களிலும் கேட்க ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்பது 2013 முதல் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய நியாய சன்ஹிதாவில் அது 200-வது பிரிவு. அன்றிரவு அந்த வாசலில் நின்று திருப்பி அனுப்பியவர் மேல் எந்த வழக்கும் வரவில்லை. எங்கள் டாக்டருக்கே அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஏ.ஆர். பதிவில் அதையும் ஒரு வரி எழுதச் சொல்லியிருப்பேன்.

வழிகாட்டுதல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் மருத்துவப் பராமரிப்புக்கு விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது. காவல் நிலையப் புகார் இல்லாவிட்டாலும் சிகிச்சை தர வேண்டும், பரிசோதனைக்கு மறுக்க அவருக்கு உரிமை உண்டு, 'இரு விரல் பரிசோதனை' கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நல்ல ஆவணம். எங்கள் மருத்துவமனையில் அது எந்த அலமாரியில் இருந்தது என்று தெரியவில்லை. இரு விரல் பரிசோதனையைத் தமிழ்நாட்டில் உடனே நிறுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது 2022 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி யார் செய்தாலும் அது தவறான நடத்தையாகக் கருதப்படும் என்றது. வழிகாட்டுதலுக்கும் தீர்ப்புக்கும் நடுவே எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் படிவத்தில் அந்த வரியை டாக்டர்கள் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் தட்டோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பெண்களின் முகம் தெரியுமே.

அதனால்தான் வழிகாட்டுதலோ சுற்றறிக்கையோ வேண்டாம், சட்டம் வேண்டும் என்கிறேன். சுற்றறிக்கையைப் பின்பற்றாவிட்டால் கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. 'பாதிக்கப்பட்டவருக்கு இது உரிமை' என்று சட்டத்தில் இருந்தால், அந்தச் சித்தி ஒரு மனு எழுதிப் போட முடியும்.

அந்தச் சட்டத்தில் முதல் வரியாக ஒரு ஆளைக் கேட்கிறேன். கூடவே வருகிற ஒரு ஆள். நடந்ததை எத்தனை பேரிடம் சொன்னாய் என்று அவளை ஒருமுறை கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள்: தனியார் மருத்துவமனை வாசலில், எங்கள் டாக்டரிடம், என்னிடம், மெமோ வாங்க வந்த காவலரிடம், மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ.யிடம், தட்டச்சு செய்த ரைட்டரிடம், மாஜிஸ்திரேட்டிடம், அரசு வழக்கறிஞரிடம், அப்புறம் கோர்ட்டில். ஒன்பது முறை. குறுக்கு விசாரணையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பது இடத்திலும் கூட இருந்தது பத்தாம் வகுப்பு படித்த சித்தி ஒருத்திதான். 'சகி' என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணும் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், ராப்பகலாக உழைக்கிறார்கள். ஆனால் ஒப்பந்த ஊழியர்கள். ஒரு மையத்தில் இருக்கிற சில பேர் மாவட்டம் முழுவதற்கும் ஓட வேண்டும். வல்லுறவு வழக்கில் காவல் நிலையத்திலேயே பெண்ணுக்கு வழக்கறிஞர் துணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1994-ல். அந்த வழக்கறிஞரை நான் இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும் பார்த்ததில்லை. போக்சோவில் இருக்கிற ஆதரவு நபரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் கொடுங்கள். சம்பளத்தோடு, அடையாள அட்டையோடு, காவல் நிலையத்துக்குள்ளும் கோர்ட்டுக்குள்ளும் நுழைகிற உரிமையோடு.

அடுத்தது சம்மன். சாட்சி சொல்ல வரச் சொல்லி ஒரு காவலர் கொண்டுவந்தார். சீருடையில், காவல்துறை என்று எழுதிய பைக்கில். தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அந்தக் கேஸ் பொண்ணு வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அதுவரை சித்தி வீட்டில் படிக்க வந்திருக்கிற பெண்ணாக இருந்தவள், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இருக்க முடியவில்லை. காவலர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரே நாளில் பத்துப் பதினைந்து சம்மன் கொடுக்க வேண்டியவர். சாதாரண உடையில் வா, முதலில் போன் செய், யாரிடமும் வழி கேட்காதே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்வதற்கு எவ்வளவு செலவாகும்?

பெயர் வெளியே போவதை நாம் ஏதோ யூடியூப்காரர்கள் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியே சொன்னது மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரி, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளத்திலிருந்தே கசிந்து, பெயரும் முகவரியும் போன் எண்ணும் ஊரெல்லாம் சுற்றியது. மறுபடியும் 25 லட்சம் தர உயர் நீதிமன்ற உத்தரவு. அடையாளத்தை வெளியிடுபவருக்குத் தண்டனையைக் கூட்டினீர்கள், சரி. இரண்டு முறையும் கசிந்த குழாய் அரசாங்கத்துடையது. வழக்கு பதிவாகும் நிமிடத்திலேயே பெயருக்குப் பதில் ஒரு எண். மருத்துவமனைப் பதிவேட்டில், காவல் நிலையக் கணினியில், கோர்ட் வழக்குப் பட்டியலில், சம்மனில் அந்த எண் மட்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது அரசு அலுவலகம்தானே?

எண் என்றதும் ஒன்று. ஆயிரம் ரூபாய்க்குப் புடவை ஆர்டர் செய்தால், சூரத்திலிருந்து கிளம்பியது, சேலம் வந்தது, இன்று உங்கள் வீட்டுக்கு வரும் என்று செல்போனில் வருகிறது. அவள் உடம்பிலிருந்து எடுத்த ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. காவல் நிலையத்து அலமாரியிலா, கோர்ட்டிலா, தடய அறிவியல் ஆய்வகத்திலா? சித்தி மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து கேட்டார். நான் காவல் நிலையத்தில் கேட்டேன். "அனுப்பியாச்சு சிஸ்டர்" என்றார்கள். எங்கே, எப்போது என்றால் பதில் இல்லை. அமெரிக்காவில் ஐடஹோ, வாஷிங்டன் ஆகிய மாநிலங்கள் 2016-லேயே இதற்குச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டவர் தன்னுடைய தடயப் பெட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ள வழி செய்தன. அங்கே ஆயிரக்கணக்கில் பெட்டிகள் பரிசோதிக்கப்படாமலே கிடங்குகளில் கிடந்தது தெரியவந்த பிறகு செய்தார்கள். நம் கிடங்குகளில் எத்தனை கிடக்கிறது என்று அவையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். கேள்வி நேரத்துக்கு ஏற்ற கேள்விதான்.

பணம். உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்ட இழப்பீட்டுத் திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு 60 நாளைக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் யார் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது? சித்திக்கு அப்படி ஒரு அலுவலகம் இருப்பதே ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கிடைத்தாலும் முக்கால் பங்கு குறைந்தது மூன்று ஆண்டுக்கு வங்கியில் வைப்பு. குடிகாரத் தகப்பன் கையில் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது, புரிகிறது. ஆனால் பெண்ணுக்குப் பணம் தேவைப்படுவது முதல் மூன்று மாதத்தில்தான். வீடு மாற அப்போதுதான் வேண்டும், மனநல மருத்துவரிடம் போக அப்போதுதான் வேண்டும். கல்லூரியில் "கொஞ்ச நாள் வராம இரும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கடைசியில் அவள் திருப்பூருக்கு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள்.

திருப்பூரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் மகிளா நீதிமன்றம் இருப்பது மாவட்டத் தலைநகரில். அங்கே போவது ரூட் பஸ், அதற்கு டிக்கெட் உண்டு. இரண்டு பேருக்குப் போக வர பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் போச்சு. ஓய்வு பெற்ற பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். ஆறு முறை போனோம். ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, ஒருமுறை வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு. காலை பத்தரையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். எதிர் பெஞ்சில் அவனும் அவனுடைய அண்ணனும். நடுவில் பத்தடி. ஒரு தடுப்புத் தட்டி கிடையாது, பெண்களுக்குத் தனி அறை கிடையாது. அண்ணன் ஒன்றும் பேச மாட்டான். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருப்பான். படம் எடுக்கிறானா சும்மா பார்க்கிறானா என்று தெரியாது. அவள் என் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாமே? வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு இளம் வழக்கறிஞர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தீர்ப்பு வந்துவிட்டது. என்ன தீர்ப்பு என்று எழுதவில்லை. எழுதினால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீண்ட காலம் என்றால் என்ன என்று வாச்சாத்திக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள். தருமபுரி நீதிமன்றம் 269 பேரைக் குற்றவாளிகள் என்றது 2011 செப்டம்பர் 29-ல். மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 செப்டம்பர் 29-ல். 31 ஆண்டு. சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததும் அதே 1992-ல்தான். அதைத் தொடங்கியபோது முன்னோடி முயற்சி என்று பேசினார்கள், உண்மையிலேயே முன்னோடிதான். முன்னோடியாக இருக்க நமக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மனசு உறுத்தும். ஒருமுறை லுங்கியில் ரத்தத்தோடு ஒரு பையன் வந்தான், இருபது இருபத்தொன்று இருக்கும். கீழே விழுந்துவிட்டேன் என்றான். விழுந்த காயம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆணுக்கு நடந்தாலும் இதைக் குற்றமாக்கியிருந்த பழைய 377-வது பிரிவு புதிய சட்டத்தில் வரவே இல்லை. வயது வந்த ஆணுக்கு இது நடந்தால் இன்று வல்லுறவு என்ற பிரிவே கிடையாது. திருநங்கைக்கு நடந்தால் 2019 சட்டப்படி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பிரிவைச் சேர்க்க டெல்லி வேண்டும், தெரிகிறது. ஆனால் மாற்றுத்துணி, மருந்து, கூட வரும் ஆள் இவற்றைக் கொடுக்க ஆணா பெண்ணா திருநங்கையா என்று கேட்க வேண்டியதில்லையே. உங்கள் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்று மட்டும் எழுதுங்கள்.

மருந்து என்று சொன்னேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடை மாத்திரையும் நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். சனிக்கிழமை ராத்திரி ஸ்டோர் ரூம் சாவி ஃபார்மசிஸ்ட் வீட்டில் இருக்கும். எந்த நேரமும் திறக்கிற ஒரு பெட்டி ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலும் வேண்டும். மாத்திரைகள், தடய உறைகள், சானிட்டரி நாப்கின், பல் துலக்க பிரஷ், சீப்பு, செருப்பு, மாற்றுத்துணி. செருப்பை மறந்துவிடாதீர்கள். அவள் வெறுங்காலோடுதான் வந்திருந்தாள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். அதைக் கணக்குப் போட எனக்குத் தெரியாது. ஒரு நைட்டிக்கு 180 ரூபாய் என்பது மட்டும் தெரியும். இப்போது 250 ஆகியிருக்கும்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். இந்த மசோதாவை உங்களில் யாராவது ஒருவர், தனிநபர் மசோதாவாக என்றாலும் சரி, கொண்டுவருவதாக இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். பார்வையாளர் மாடத்துக்கு எம்.எல்.ஏ. பரிந்துரையில்தான் பாஸ் தருவார்கள் என்று கேள்வி. மூன்று பாஸ் வேண்டும். அவளிடம் கேட்டேன், வருகிறேன் என்றாள், சித்தியும் வருவார். கம்பெனியில் ஒரு வாரம் முன்னால் சொன்னால் லீவு கிடைக்குமாம். பாஸில் பெயர் எழுத வேண்டும் என்பார்கள். என் பெயரையும் முகவரியையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு மட்டும் ஒரு எண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்